அம்முவோடு வேலூரில் முப்பத்தெட்டு நாள்

போன மாதம் போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. குழந்தையைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. முன்னால் துருத்திய பெரிய நெற்றி, அமுங்கிய மூக்குத்தண்டு, தோளில் தொடங்கிச் சீக்கிரமே முடிந்துவிடும் கைகள், தொடையில் வளையல் அடுக்கினாற்போல் சதை மடிப்பு.

“டீச்சர், உங்க பொண்ணுக்கும் இப்பிடித்தானாமே? வளர்றதுக்கு இன்னா மருந்து குடுத்தீங்க?” என்று கேட்டாள்.

வளர்வதற்கு மருந்து எதுவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை என்றேன். அவள் எழுந்துவிடப் பார்த்தாள். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, எங்களுக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதி விட்டுப்போயிற்று. இன்னும் யாராவது இப்படி வரக்கூடும். அதனால் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் பெண்ணுக்கு நடந்ததை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீடு திருவண்ணாமலையில். என் கணவர் ஏழுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வாடகை சைக்கிள், பஞ்சர், ரிப்பேர். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில், எங்களுக்குப் பெண் பிறந்தாள். உண்ணாமலை என்று கோயில் அம்மன் பெயரை வைத்தோம். வீட்டில் அம்மு.

பிறந்தபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கொழுகொழுவென்று இருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். ஆறேழு மாதத்தில் அந்தத் தெருவில் அவளோடு பிறந்த குழந்தைகள் எல்லாம் உட்கார்ந்தார்கள். அம்முவால் தன் தலையையே தூக்க முடியவில்லை. அவள் வயதுக்கு வாங்கிய சட்டையில் கை விரல் நுனிகூட வெளியே தெரியாது. ஊரில் ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்று சொல்லி டானிக்கும் மீன் எண்ணெயும் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் கொடுத்தோம். அந்த வாசனை இன்றைக்கும் அவளுக்கு ஆகாது. கையையும் காலையும் பிடித்து இழுத்து நீவிவிட்டால் நீளும் என்று சிலர் சொன்னார்கள். நல்லவேளை, ஏழுமலைக்கு அதற்கு மனசு வரவில்லை.

ஒன்றரை வயதில்தான் வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு. காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனோம். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டி வைத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மா பேசினார்.

“இதுக்கு அகாண்ட்ரோபிளேசியானு பேரு. கை கால்ல இருக்கற நீள எலும்புங்களோட நுனியில குருத்தெலும்பு இருக்கும், மெத்துனு. அது கொஞ்சம் கொஞ்சமா கெட்டி எலும்பா மாறும்போதுதான் நாம உயரமாறோம். இவளுக்கு அந்த வேலை ரொம்ப மெதுவா நடக்குது. அதனால கையும் காலும் குட்டையாத்தான் இருக்கும். உடம்பு, தலை எல்லாம் வளரும். புத்திக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா படிப்பா.”

“மருந்து?”

“உயரத்துக்கு மருந்து கிடையாதும்மா.”

அடுத்ததாக நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. “யாரால வந்துச்சு டாக்டர்? எங்க வீட்டாலயா, அவங்க வீட்டாலயா?”

“ரெண்டு வீட்டாலயும் இல்ல. பெத்தவங்க சாதாரண உயரமா இருந்தும் இப்படிப் பொறக்கறதுதான் ஜாஸ்தி. கரு உண்டாகும்போதே தானா நேர்ற ஒரு மாற்றம். நீங்க செஞ்சதாலயோ செய்யாததாலயோ வரல.”

ஏழுமலை சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மு வயிற்றில் இருந்த மாதங்களில் அவர்தான் என்னை சைக்கிள் கேரியரில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விடுவார். அந்தக் குலுக்கலில்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று உறவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் அதை என்னிடம் சொல்லாமல் மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

டாக்டரம்மா கவனிக்க வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். முதுகு பலப்படும்வரை உட்காரவைக்கக் கூடாது, கூன் விழுந்துவிடும் என்றார். அதை ஒழுங்காகச் செய்தோம். மற்றதெல்லாம் எங்கள் காதில் ஏறவில்லை. மருந்து இல்லை என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். அட்டை டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அம்மு இரண்டரை வயதில் நடந்தாள். பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது, நிறுத்தத்தான் முடியவில்லை. அவளைத் தெருவில் கூட்டிப்போனால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். “பேரு மட்டும் மலை” என்று சிரிப்பார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊரில் சர்க்கஸ் கூடாரம் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர், “பெரிசானா இதுக்குச் சோத்துக்குக் கவலை இல்ல டீச்சர், சர்க்கஸ்காரன் கூட்டிக்குவான்” என்பார். அதனால் அந்த மைதானத்துப் பக்கமே நான் அவளைக் கூட்டிப் போனதில்லை.

நாலரை வயதில் அவள் விழ ஆரம்பித்தாள். முதலில் நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வாசற்படியில் விழுவாள், எழுந்து ஓடுவாள். பிறகு ஓடுவது நின்றது. செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும்; அது தெரியாமலே அவள் நடந்துகொண்டிருப்பாள். படுக்கை நனைப்பது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, திரும்ப ஆரம்பித்தது. தலை கனத்தால் தடுமாறுகிறாள் என்று நான் நினைத்தேன். ஏழுமலை செருப்பின் வாரைச் சின்னதாக வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் தீபத்துக்கு முந்தின நாள் அம்மு விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாள். திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருவிழாக் கூட்டத்தில் ஆஸ்பத்திரியும் நிரம்பியிருந்தது. தையல் போட்டு, ஊசிக்காகக் காத்திருந்தோம். பெஞ்சின் கோடியில் ஒரு ஆள், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, நாற்பது வயது இருக்கும். உயரம் ஏழெட்டு வயதுப் பிள்ளை அளவு.

அம்மு அவரையே பார்த்தாள். “அம்மா, அவங்க கை என் கை மாதிரியே இருக்குது” என்றாள் சத்தமாக.

நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரார் என் பெண்ணுக்குச் செய்வதை அந்த மனிதருக்கு நான் செய்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“ஆமாம்மா. நம்ம ரெண்டு பேருக்கும் அல்லா ஒரே அளவு எடுத்துத் தச்சிருக்கான்” என்று சிரித்தார். பெயர் காதர் என்றும், சொந்த ஊர் வாணியம்பாடி என்றும், சர்க்கஸில் இருபது வருஷமாக இருப்பதாகவும், இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்க வந்ததாகவும் சொன்னார். அம்மு மடியிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். இரண்டு பேரும் உள்ளங்கையை ஒன்றோடொன்று வைத்து அளந்தார்கள். அவள் திரும்பி என்னிடம் நடந்து வந்தபோது காதர் பாயின் முகம் மாறியது.

“இவ எப்பவும் இப்பிடித்தான் நடப்பாளா?”

“கொஞ்ச நாளா விழறா.”

“கால் கட்டைவிரல் தரையைத் தேய்க்குது பாருங்க. செருப்பு நழுவுதா, அவளுக்கே தெரியாம?”

நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன்.

“தூக்கத்துல பாய்லயே ஒண்ணுக்குப் போயிடறாளா?”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கி என் முன்னால் வந்து நின்றார். “எங்க கம்பெனியில பாபுனு ஒருத்தன் இருந்தான். என்னை மாதிரியே ஆளு. அவனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது. ஆட்டத்து நடுவுல வந்து சும்மா சும்மா விழுவான். வேஷத்துக்குத்தான் விழறான்னு ஜனங்க கை தட்டினாங்க. முதலாளிகூட நல்லா விழறேடானு சொன்னாரு. நானும் சிரிச்சேன். ஆறு மாசத்துல ரெண்டு காலும் போயிடுச்சு. அப்புறம் டாக்டர் சொன்னாரு, கழுத்துல நரம்பு மாட்டிக்கினு இருந்துச்சாம், முன்னாடியே வந்திருந்தா எடுத்து விட்டிருக்கலாமாம்.” அம்முவைப் பார்த்துவிட்டு, “தீபம் பாத்துட்டுப் போலாம்னு இருக்காதீங்கம்மா” என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் தேடிக்கொண்டு போனேன். வந்திருந்தது வேறு சர்க்கஸ். அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தேன். டாக்டரம்மாவின் கையெழுத்தில் நாலாவது வரி: நடை மாறினால், கை கால் மரத்துப்போனால், உடனே அழைத்து வரவும். மூன்று வருஷமாக அது பெட்டிக்குள் இருந்திருக்கிறது. நான் வாத்தியார் வேலை பார்க்கிறவள். படிக்கத் தெரியாதவள் இல்லை.

மறுநாள் ஏழுமலையின் அண்ணன் கோவிந்தசாமி தீபத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார். நிலபுலத்தைக் கவனிக்கிறவர் அவர்தான்; எங்கள் வீட்டில் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். வேலூர் என்றதும் அவர் தலையை ஆட்டினார்.

“ஆண்டவன் குடுத்தது இவ்ளோதான்னு அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாங்க இல்ல? மறுபடியும் எதுக்கு அந்தப் புள்ளைய அலைக்கழிக்கிறீங்க? கத்தி வெக்கணும்பாங்க. இன்னாத்த வெச்சாலும் அது நாலடிகூட வளரப் போறதில்ல.”

அதுவரை அவர் எதிரில் நான் உரத்துப் பேசியதில்லை. “மாமா, அவ குள்ளமா இருக்கறதுக்கு நான் வைத்தியம் தேடல. குள்ளமாவே இருக்கட்டும். அவ நடக்கணும். அதுக்குத்தான் போறேன்” என்றேன்.

ஏழுமலை இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பையை எடுத்தார். மலையில் தீபம் ஏற்றிய நாளன்று ஊருக்குள் லட்சம் பேர் வந்துகொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் காலியான பஸ்ஸில் ஊரைவிட்டு வெளியே போனோம்.

அந்த முறை வேலூரில் சோதனை மட்டும்தான். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார்கள். நம் எல்லோருக்கும் கால் லேசாக எகிறும். அம்முவுக்கு உதை விட்ட மாதிரி எகிறியது. மூளையிலிருந்து காலுக்கு வரும் கட்டளை வழியில் தடைபட்டால் இப்படி ஆகுமாம். பகலில் தூங்கும்போது அவளைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வரும், வரும், பிறகு நின்றுவிடும். பத்து நொடி, பதினைந்து நொடி. அப்புறம் ஒரு பெரிய இழுப்பு இழுத்து மறுபடி தொடங்கும். நாலரை வருஷமாக என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். குறட்டை என்று நினைத்திருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் படுக்கை கிடைக்கும் என்றார்கள். மார்கழி முழுக்கக் காத்திருந்தோம். அந்த ஒரு மாதத்தில் அம்மு நடப்பதை விட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தாள். கடிதம் வந்ததும் நான் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். என் சங்கிலியும் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின. ஏழுமலை சைக்கிள் கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே சந்தில், நோயாளிகளோடு வருகிறவர்களுக்கென்றே ஒற்றை அறைகள் வாடகைக்கு உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு பாத்திரமும் அவர்களே கொடுப்பார்கள். வார்டில் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் நான் அம்முவோடு இருந்தேன், ஏழுமலை அறையில் சமைத்தார். அதற்கு முன்னால் அவர் சமையல் கட்டில் தண்ணீர் குடிக்க மட்டும்தான் நுழைந்திருப்பார். முதல் நாள் ரசம் என்று ஒன்று கொண்டுவந்தார். அம்மு ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்பா, மீன் எண்ணெயே குடுங்க” என்றாள். பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த சித்தூர் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றையிலிருந்து அந்த அம்மாள் கொண்டுவரும் ஊறுகாயில் எங்களுக்கும் பங்கு.

மயிலோகிராம் என்று ஒரு சோதனை. தண்டுவடத்தைச் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்து ஒன்றை ஊசிமூலம் அந்த நீருக்குள் விடுவார்கள். பிறகு மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தினால் மருந்து கழுத்தை நோக்கி ஓடும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. குழந்தை என்பதால் மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். அம்முவுக்கு அந்த மருந்து மண்டைக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் மலையாளி, நிதானமாகத் தமிழ் பேசுவார். காகிதத்தில் ஒரு மண்டையோடு வரைந்து அடியில் வட்டம் போட்டார். “இங்க ஒரு துவாரம் உண்டு. மூளையில இருந்து தண்டுவடம் இது வழியாத்தான் கீழ எறங்கும். குழந்தைக்கு இந்தத் துவாரம் சின்னது. தண்டுவடம் பெரிசாகுது, துவாரம் பெரிசாகல. நெரிக்குது. கைக்கும் காலுக்கும் போற உத்தரவு மட்டும் இல்ல, மூச்சு விடுற உத்தரவும் இதே வழி. பின்பக்கமா எலும்பை வெட்டி வழியை அகலமாக்கணும்.”

“செய்யலைன்னா?” என்று ஏழுமலை கேட்டார்.

“கால் போகும். பின்னால கை. ஒரு நாள் தூக்கத்துல மூச்சு.”

“செஞ்சா?”

அவர் பொய் சொல்லவில்லை. மேசையிலேயே மூச்சு நிற்கலாம் என்றார். பிழைத்தும் கை கால் வராமல் போகலாம். நன்றாகவும் ஆகலாம், அதைத்தான் எதிர்பார்க்கிறோம் என்றார். சம்மதக் காகிதத்தை நீட்டினார். ஏழுமலை பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவரும் போட்டார்.

ரத்தம் இரண்டு பாட்டில் வேண்டும் என்றார்கள். ஏழுமலையின் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தாலும் எனக்கு ரத்தசோகை, எடுக்க மாட்டார்கள். ஊருக்குத் தந்தி கொடுத்தோம். யாரும் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ரத்தம் கொடுத்தால் ஆள் நிமிரவே முடியாது என்று பயந்த காலம். மறுநாள் காலை வார்டு வாசலில் கோவிந்தசாமி மாமா நின்றார். காலில் சேறு காய்ந்திருந்தது. உறவுப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார்.

“அறுப்பு நாளாச்சே மாமா?”

“நெல்லு கழனியிலேயே கெடக்குது. கெடக்கட்டும்.” என்னை நேராகப் பார்க்காமல், “என்னுது சேருமான்னு பாக்கச் சொல்லு முதல்ல” என்றார்.

சேர்ந்தது. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து காபி குடித்தார். “இவ்ளோதான் எடுத்துக்கினாங்க. வேணும்னா இன்னும் எடுத்துக்கச் சொல்லு” என்றார். தீபத்தன்று பேசியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆபரேஷன் அன்று அம்முவின் தலையை மழித்திருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். தள்ளுவண்டியில் ஏற்றும்போது, “அம்மா, என்னை நீளமா ஆக்கப் போறாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நடக்க வெக்கப் போறாங்க.”

“அப்ப சரி” என்றாள்.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனவளை மாலை மூன்றுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் நீலச் சாயம் உரிந்திருந்தது. அதைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

தனி அறையில் இரண்டு நாள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். வாயில் குழாய். இரண்டாம் நாள் கை விரல்கள் அசைந்தன. கால் அசையவில்லை. மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். பெரிய டாக்டர் சாவியின் முனையால் அவள் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல் மடங்கியது. இன்னொரு காலிலும் இழுத்தார். அம்மு கண்ணைத் திறந்து, “கூசுது” என்றாள். குழாய் எடுத்த தொண்டையிலிருந்து காற்று மாதிரிதான் வந்தது. அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் எட்டாம் நாள் கழுத்துக் கட்டு நனைந்திருந்தது. ரத்தம் இல்லை, தெளிந்த தண்ணீர். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர்தான் தையல் வழியாகக் கசிகிறது என்றார்கள். கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல். மறுபடி தையல் போட்டு இறுக்கிக் கட்டி, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அசையாமல் கிடத்தினார்கள். நர்ஸ் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: அழக்கூடாது, இருமக்கூடாது, முக்கக்கூடாது, பலமாகச் சிரிக்கவும் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் தையல் விட்டுவிடும்.

நாலரை வயதுக் குழந்தையை எப்படி அழாமலும் சிரிக்காமலும் வைத்திருப்பது? நான் அழவைத்துவிடுவேன், ஏழுமலை சிரிக்கவைத்துவிடுவார். கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார். பார்வையாளர் நேரத்தில் வந்து உட்கார்ந்து, பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார். முதலில் வால்வைக் கழற்ற வேண்டும். டயரை நெம்பி டியூபை எடுக்க வேண்டும். காற்றடித்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அரத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவ வேண்டும். ஒவ்வொன்றையும் பாடம் மாதிரி, ஒரே குரலில். அம்மு கண்ணை மூடாமல் கேட்பாள். இடையில் ஒரு படியை அவர் விட்டுவிட்டால், “சொல்யூஷன் காயணும்பா, அப்புறந்தான் ஒட்டணும்” என்று திருத்துவாள். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. சித்தூர் அம்மாளுக்குக்கூடப் பஞ்சர் ஒட்ட வந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது துணி காய்ந்திருந்தது.

பிறகு நடை. கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை போட்டு, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இரும்புக் குழாயில் செய்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இருந்ததிலேயே சின்னச் சட்டம்கூட அம்முவின் கழுத்துக்கு வந்தது. பயிற்சி கொடுக்கிறவர் உதட்டைப் பிதுக்கினார். ஏழுமலை அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு ரம்பம் கிடைக்குமா சார்?” என்றார். ஆஸ்பத்திரிப் பட்டறையில் நாலு காலையும் வெட்டி, விளிம்பை அரம் போட்டு, நுனியில் சைக்கிள் ஹேண்டில் ரப்பர் மாட்டிக் கொண்டுவந்தார். அம்மு அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் நாலு அடி. மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை. ஊருக்குக் கிளம்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், இன்னொரு குழந்தைக்கு ஆகுமே என்று.

முப்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அந்தப் போளூர்ப் பெண்ணை ஏமாற்றியதாகும். கழுத்துப் பட்டை ஆறு மாதம் இருந்தது. சோர்ந்துபோனால் இடது கால் இன்றைக்கும் லேசாக இழுக்கும். வளைந்த காலை நிமிர்த்தப் பின்னால் ஒரு முறை ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது, காதில் சீழ் வந்து எத்தனையோ முறை போக வேண்டியிருந்தது. வளர வளர இடுப்புப் பக்கமும் இதே மாதிரி நெரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருஷம் ஒரு முறை காட்டுகிறோம். அட்டை இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பதில்லை. படுக்கை நனைவதில்லை. அவள் நடக்கிறாள்.

அந்த ஜூன் மாதம் அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. கழுத்துப் பட்டையோடு பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வரை கூட்டிப்போக முடியாது என்பதால், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே முதல் வகுப்பில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர்தான். மரியாதையாக நாற்காலி போட்டார். பிறகு வழக்கம்போல, “பாப்பா, வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இந்தக் காதைத் தொடு பாக்கலாம்” என்றார்.

பள்ளியில் சேர்க்க வயது ஆயிற்றா என்று பார்க்க எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கை எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா.

அம்மு கையைத் தூக்கினாள். விரல்கள் உச்சந்தலையைத் தொட்டு நின்றன. இன்னும் நீட்டிப் பார்த்தாள், உடம்பைச் சாய்த்துப் பார்த்தாள். கழுத்துப் பட்டை இடித்தது.

“எட்டலையே டீச்சர்” என்றார் தலைமை ஆசிரியர், தயக்கமாக. “ஒரு வருஷம் போகட்டுமே.”

நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றை எடுத்து மேசையில் வைத்தேன். “அடுத்த வருஷமும் எட்டாது சார். அவ கல்யாணத்துக்குக்கூட எட்டாது.”

அவர் சான்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மு கையை இறக்கிவிட்டு, “சார், எனக்குக் காது நல்லா கேக்குது. தொட்டுத் தொட்டு எதுக்குப் பாக்கணும்?” என்றாள்.

அவர் பேனாவைத் திறந்து பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். “பேரு சொல்லும்மா” என்று அவளிடமே கேட்டார்.

“ஏ. உண்ணாமலை.”

அன்று அரை நாள் லீவு போட்டிருந்தேன். மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் யாருக்கு வயது ஆகவில்லை, யாருக்குக் கை குட்டை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளியில் சேர்க்கை வரிசை நின்றுகொண்டிருந்தது. முதலில் நின்ற சின்னப் பெண், வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க, கையைத் தலைக்கு மேல் வளைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“கையை எறக்கும்மா” என்றேன். “உம் பேரு இன்னா?”